சுவரைப் பார்க்கிற மனுஷன்

அன்பு மகள் நெர்மினுக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் அப்பாவும் ஆடுகளும் அந்தச் சண்டைக்காரச் சேவலும் குறையில்லாமல் இருக்கிறோம், ஹம்பர்க்கில் நீயும் அப்படியே இருக்க வேண்டும், அங்கே ஜூன் மாதத்திலும் மழை என்றாயே, நான் பின்னி அனுப்பிய காலுறையைப் போடுகிறாயா அல்லது பெட்டியில் பத்திரமாகத் தூங்குகிறதா? தினமும் போனில் பேசுகிற அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். போனைத் தொட்டால் போதும், உன் அப்பா வந்து ஒட்டிக்கொண்டு ஸ்பீக்கரைப் போடு ஸ்பீக்கரைப் போடு என்கிறார், அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல. இது துர்சுன் விஷயம். பேரைப் பார்த்ததும் பல்லைக் கடிக்காதே, கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கடி. போன குளிர்காலம் முழுக்க உன்னிடம் ஒன்று சொல்லிப் புலம்பினேன், ஞாபகம் இருக்கிறதா, உன் அப்பா என் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை, நான் ஏதாவது கேட்டால் பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்கிறார், இத்தனை வருஷத்தில் இந்த மூஞ்சி அலுத்துப்போய்விட்டது போல என்று. நீ கூடச் சிரித்தாய். அதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். நம் ஊருக்குள் நுழைந்து, ரோமர்கள் காலத்து அரங்கத்தையும் குளியல் மண்டபத்தையும் சுற்றிக்கொண்டு கடற்கரைப் பட்டணத்துக்கு இறங்குகிற நடைபாதைக்கு வருஷாவருஷம் குளிர் விட்டதும் உன் அப்பாதானே பாறைக்குப் பாறை வழிக்குறியாகச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போடுவார். நடைபாதைச் சங்கத்துக்காரர்கள் பெயின்ட் டப்பாவைக் கொடுத்துவிட்டு இஸ்மத் அண்ணன் இருக்கும்போது எங்களுக்கென்ன கவலை என்று போய்விடுவார்கள். இந்த வசந்தத்தில்தான் எல்லாம் தலைகீழானது. முதுகுமூட்டையோடு ஒரு கூட்டம் நேராக நம் ஆட்டுப்பட்டிக்குள் வந்து நின்று, இதுதான் ரோமர்களின் சந்தையா என்று கேட்டது. இன்னொரு கூட்டம் ஊர்த்தலைவரின் அவரைத் தோட்டத்தை மிதித்துத் துவம்சம் பண்ணியது. ஒரு டச்சுக்காரரும் அவர் மனைவியும் பள்ளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள், அந்த அம்மாள் கணுக்கால் பிசகி, கழுதை மேல் ஏற்றித்தான் கொண்டுவந்தோம். குறியை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியபோதே, விடியற்காலையில் துர்சுனைப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக மலையில் பார்த்ததாக ஆடு மேய்க்கப் போனவர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. முன்னே ஒருதரம் அவர் தன் பழச்சாற்றுக் கடைக்கு அம்புக்குறி போட்டு, வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வந்து அவருடைய ஆரஞ்சுக் கூடைகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களே, அன்றைக்கு ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. உன் அப்பா காப்பிக்கடையில் எழுந்து நின்று, "நான் போட்ட குறிய அழிச்ச கை விளங்குமா, நீ ஒரு மனுஷனா" என்று துர்சுன் முகத்துக்கு நேராகவே கேட்டார். சீசன் முடிந்ததும் அரங்கத்துப் பக்கம் இருக்கிற கடையைப் பிரிக்க வேண்டும் என்று ஊர்த்தலைவர் சொல்லிவிட்டார். நீயும் சும்மா இருந்தாயா? சாறு விற்க ஆளைப் பள்ளத்தில் தள்ளுகிற மனுஷன் என்று ஊர் வாட்ஸப்பில் எழுதினாய், நடக்க வருகிறவர்கள் பார்க்கிற இன்டர்நெட் பக்கத்தில் வேறு போய், அந்தக் கடையில் வாயை நனைக்காதீர்கள் என்று போட்டாய். படித்துவிட்டு நானும் சபாஷ் என்றுதான் சொன்னேன். துர்சுன் யாருக்கும் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. வாய் ஓயாத அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டிருந்ததே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் நீ அனுப்பிய பயணம் வந்தது. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் டீ ஊற்றியே காலம் போயிற்று, ஒருதரமாவது நீங்களும் விருந்தாளியாகப் போய் ஊர் பாருங்கள் என்று கடற்கரை ஊரான அனமூரில் அறை பிடித்துக் கொடுத்தாய். உனக்கு ஆயுசு நூறு. ஆனால் விருந்தாளியாக இருப்பது எனக்கு வரவில்லை, காலையில் எழுந்து படுக்கையை நானே மடித்து வைத்துவிட்டேன், அந்த விடுதிக்காரப் பெண் சிரிக்கிறாள், அவள் டீயும் சரியாக ஊறவில்லை, சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். எங்கே பார்த்தாலும் வாழைத் தோட்டம், அதைத் தாண்டினால் கடல், கடல் ஓரத்திலேயே ஒரு முழு ரோமப் பட்டணம் கூரை இல்லாமல் நிற்கிறது, குளித்துவிட்டு ஈரத்தோடு நேராகக் கல்லறைக்குள் போகலாம். உன் அப்பா அசந்தாரா என்றால் இல்லை. "இதெல்லாம் ஒரு அரங்கமா, நம்மூர்ல ஆடு நிக்கிற இடம் இதைவிடப் பெருசு" என்று அங்கே வந்திருந்த குடும்பங்கள் காதில் விழும்படியே சொன்னார். நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது தூரத்தில் யாருக்கோ சலாம் சொன்னார், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார், அப்புறம் என்னிடம் வந்து, "என்ன ஊரு இது, காவல்காரன் சலாமுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கிறான்" என்று குறைப்பட்டார். திரும்பிப் பார்த்தால் ஆள் உயரத்துக்கு ஒரு கல்லறைத் தூண். நான் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன் நெர்மின். அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் எதற்குச் சிரித்தார் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

மறுநாள் இடிபாடுகளிலிருந்து குன்றைச் சுற்றி அடுத்த மீன்பிடி ஊருக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். நான் முன்னால் போறேன், வழிகாட்டறது என் தொழில் என்றார், சரி என்று விட்டேன். பாதை இடப்பக்கம் திரும்பியது, குறி கண்ணைக் குத்துகிற மாதிரி இருந்தது, உன் அப்பா அதை உரசிக்கொண்டு நேராகக் கடல் பக்கம் போகிறார். இன்னும் நாலு எட்டு வைத்தால் காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஓடிப்போய் பின்னால் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தேன், வழியில் தின்ன எடுத்துப்போன ஒரு பை தக்காளி உருண்டு கடலுக்குப் போனது. என்னங்க, குறி எங்கே இருக்கு காட்டுங்க என்றேன். "இதோ" என்று ஒரு வெறும் பாறையைக் காட்டினார். என்ன நிறம் என்றேன். "சிவப்பும் வெள்ளையும், வேற என்ன நிறத்துல போடுவாங்க" என்றார். அந்த ஊரில் குறியெல்லாம் மஞ்சள், நெர்மின். நல்ல பளீரென்ற மஞ்சள். நான் அதைச் சொன்னதும் அவர் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு வருஷமா நடுவுல ஒரு சாம்பல் கறை இருக்கு நஸ்மியே, ஓரமெல்லாம் தெரியுது, நேரா பார்த்தா ஒண்ணும் இல்ல, உன் மூஞ்சியப் பார்க்கணும்னா பக்கத்துச் சுவரைத்தான் பார்க்கணும், அப்பத்தான் நீ ஓரத்துல வர்றே" என்றார். நான் ஓவென்று அழுதேன், வழியில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும். நம் மலையில் அவர் காலுக்கே கண் உண்டு, எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தெரியாத ஊருக்கு ஊர் பார்க்கப் போன இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். ஏன் மறைத்தீர்கள் என்று திட்டினேன். சொன்னால் பிரஷ்ஷை வாங்கிவிடுவீர்கள், மலைக்குப் போகாதே என்பீர்கள், நாற்காலியில் உட்கார வைத்துவிடுவீர்கள் என்றார். திடீரென்று என் கையைப் பிடித்து, "அப்போ துர்சுன்?" என்றார். அதுவரை எனக்கும் தோன்றவில்லை. "வீட்டுக்குப் போலாம் வா" என்று எழுந்துவிட்டார், நீ பிடித்த அறையில் இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது, மன்னித்துக்கொள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெட்டியைக்கூட வீட்டில் வைக்கவிடாமல் துர்சுன் கடைக்குப் போனார், நானும் கூடவே போனேன். கடையில் ஒரு ஈ காக்கை இல்லை, அந்த மனுஷன் யாருக்கோ ஆரஞ்சு பிழிந்துகொண்டிருந்தார், தனக்குத்தானோ என்னவோ. உன் அப்பா நின்றபடியே, "துர்சுன், குறிய மாத்தினது நீ இல்ல" என்றார். அவர் நிமிராமலே, "மாத்தாதவன் நான்தானே, எனக்கே தெரியாதா" என்றார். "கெடுத்தது நான். என் கண்ணு போயிருச்சு" என்றார் உன் அப்பா. "அதுவும் தெரியும், உட்காரு" என்று ஒரு கிளாஸை நீட்டினார். குளிர் விடுகிற சமயத்தில் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் உன் அப்பா கோடு போடுவதை அவர் பார்த்திருக்கிறார். "கல்லை உள்ளங்கையால தடவித் தடவிப் பார்த்தே, வெள்ளையப் பாறையில போட்டே, சிவப்ப முள்ளுச்செடி மேல போட்டே, போட்டுட்டு ஒதுங்கி நின்னு தலையச் சாய்ச்சு அழகு வேற பார்த்தே. எனக்குச் சிரிப்பு வரலடா" என்றார். அன்றிலிருந்து தன் கைக்காசில் பெயின்ட் வாங்கி விடியுமுன்னே போய், உன் அப்பா தப்பாகப் போட்டதையெல்லாம் சுரண்டிவிட்டுச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை, அந்தப் பள்ளத்துக் குறி தப்பிவிட்டது, அந்த டச்சுக்கார அம்மாளை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்றார். எனக்குத் தாங்கவில்லை. ஊரே காறித் துப்பியதே, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "சொன்னா இவன் கையிலேர்ந்து பிரஷ்ஷப் பிடுங்கிருவாங்க அண்ணி. என் பேரு ஏற்கெனவே அழுக்கு, அது மேல இன்னொரு கறை பட்டா யாருக்குத் தெரியப்போகுது" என்றார். உன் அப்பா, முட்டாப்பயலே முட்டாப்பயலே என்று திட்டிக்கொண்டே அவரைக் கட்டிக்கொண்டார், சாறெல்லாம் இரண்டு பேர் சட்டையிலும். நான் பெட்டியின் மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

அன்று மாலையே உன் அப்பா காப்பிக்கடையில் துர்சுனைத் திட்டிய அதே இடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். எல்லோரும் அவரவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கடையைப் பிரிக்கிற பேச்சை ஊர்த்தலைவர் அப்புறம் எடுக்கவில்லை. போன வாரம் இரண்டு பேருமாகப் போய் குறிகளைப் புதுப்பித்தார்கள், எந்தப் பாறை என்று இவர் காலால் தட்டிக் காட்ட அவர் கோடு போட்டிருக்கிறார். கோடு கோணலா இருக்குடா என்று இவர் அதட்டினாராம், உனக்குத் தெரியுதா என்று அவர் கேட்டாராம், "தெரியல, ஆனா உன் கை போடுற கோடு கோணலாத்தான் இருக்கும்" என்றாராம். அந்தாலியாவில் கண் டாக்டரிடமும் காட்டிவிட்டோம், பயப்படாதே. ஒரு கண்ணில் போனது போனதுதான், இன்னொன்றில் இருப்பதைக் கண்ணுக்குள்ளே ஊசி போட்டுக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள், அதுவும் உறுதி இல்லை, மாதாமாதம் போக வேண்டும். முதல் ஊசி போட்டாயிற்று, கடாவை ஒற்றை ஆளாக அறுக்கிற மனுஷன் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் வளைந்துவிட்டது. நெர்மினுக்கு நானே சொல்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று எனக்குக் கட்டளை. நான் வாயைத் திறக்கவில்லை, எழுதுகிறேன், அவ்வளவுதான். அவர் சொல்லும்போது முதல்முறை கேட்பது போலக் கேட்டுக்கொள், போனில் அழாதே.

இனி உன் வேலை. நேற்று பாலாடைக்கட்டி வைத்து ஒரு தட்டு பொரெக் சுட்டு எடுத்துக்கொண்டு துர்சுன் வீட்டுக்குப் போனேன், பிள்ளை விவரம் தெரியாமல் எழுதிவிட்டாள், மனதில் வைக்காதீர்கள் என்று உனக்காகச் சொன்னேன். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை என்பது உனக்குத் தெரியும். "விடுங்க அண்ணி, அப்பனுக்காகத்தானே பேசினா. எனக்காக இப்படிச் சண்டை போட ஒரு பொண்ணு இருந்திருந்தா நான் இந்த ஊரையே வழி மாத்தி விட்டிருப்பேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அதற்குமேல் அங்கே உட்கார எனக்கு முடியவில்லை. அதனால் மகளே, அப்பா உன்னிடம் சொன்ன கையோடு அந்தப் பக்கத்தில் போட்டதை எடுத்துவிடு, அது மட்டும் போதாது, ஊர்க் குழுவில் உன் பேரிலேயே எழுது, எல்லோரும் பார்க்கிற இடத்தில் சொன்னதை எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான் திருப்பி எடுக்க வேண்டும். அப்புறம் அவருக்குப் போன் பண்ணு, சித்தப்பா என்று கூப்பிடு. உருகி உருகி மன்னிப்புக் கேட்டால் கூச்சப்பட்டு வைத்துவிடுவார், சாற்றில் இன்னும் தண்ணி கலக்கிறீங்களா என்று கேள், அந்தப் பேச்சுதான் அவருக்குப் பிடிக்கும்.

அல்லாஹ் உன்னை நோய்நொடி அண்டாமல் வைக்கட்டும், நீ கையில் எடுப்பதெல்லாம் துலங்கட்டும், அடுத்த வசந்தத்தில் லீவு போட்டுவிட்டு வா, கடற்கரையிலிருந்து நடந்தே ஏறி வா, குறியெல்லாம் இப்போது சரியாக இருக்கிறது. உன் கண்ணையும் ஒருதரம் டாக்டரிடம் காட்டிவிடு, இது வம்சத்தில் வரக்கூடியதாம், மறக்காதே. என்ன இவ்வளவு எழுதுகிறாய் என்று உன் அப்பா கேட்கிறார், வாழைத்தோட்டத்தைப் பற்றி என்று சொல்லியிருக்கிறேன். எப்போதும் போல, "கண்ணுல முத்தம்னு எழுது" என்கிறார், எழுதிவிட்டேன், இரண்டு கண்ணிலும், எங்கள் இரண்டு பேருடையதும். எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு என் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிற சுவரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். தலையையாவது வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கலாம் நான்.

உன் அம்மா
நஸ்மியே