பிறகு நினைவூட்டு

3 நவம்பர் 2025, திங்கள்

காலையில் ஃபோன் மறுபடியும் கேட்டது. புதிய அப்டேட் தயாராம். கீழே இரண்டு பொத்தான்கள். 'இப்போதே நிறுவு', 'பிறகு நினைவூட்டு'. வழக்கம்போல இரண்டாவதை அழுத்தினேன்.

ஜெயபாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். "போட்டா போடுங்க, இல்லன்னா விடுங்க. என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போயி பதில் சொல்ல ஆறு மாசம் ஆக்குன மனுசன்தான நீங்க."

அவளுக்கு எல்லாம் வேடிக்கை. மற்றவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். இவளுக்கு அந்த எச்சரிக்கை எதுவும் இப்போது முன்கூட்டி வருவதில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், சாய்ந்துவிடுவாள். சென்ற வருடம் இரண்டு முறை அடுக்களைத் தரையில் கண்டெடுத்தேன். குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெயஷீலா கோடையில் வந்தபோது ஜெயபாய் கையில் ஒரு சென்சாரை ஒட்டி, அவ்வப்போது புதிதாக மாற்றவும் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். அது ஓயாமல் சர்க்கரையை அளந்து என் ஃபோனுக்கு அனுப்புகிறது. அளவு இறங்கினால் ஃபோன் அலறும். ஓசையை நிறுத்தி வைத்திருந்தாலும் அலறும். அதன் பிறகு அவள் ஒரு தடவைகூட விழவில்லை.

நன்றாக ஓடுகிற ஒன்றைத் தொடுவதா?

4 நவம்பர், செவ்வாய்

ஃபோன் கடை வன்னியபெருமாளிடம் போய்க் கேட்டேன். மழைத்தண்ணீர் கடை வாசல் வரை நின்றது. உள்ளே ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான்: "புதுசு வந்த ஒடனே பாயப்படாது அண்ணாச்சி. நாலு பேரு போட்டு அடிபடட்டும். பெறவு நாம போடுவோம்."

"அந்த நாலு பேர்ல நான் இல்லன்னு எப்படித் தெரியும்?"

"நீங்க இருக்க மாட்டீய. ஒங்கள எனக்குத் தெரியாதா?"

கடையிலிருந்த இன்னொருவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

6 நவம்பர், வியாழன்

சென்சார் கம்பெனியிலிருந்து செய்தி. புதிய அப்டேட்டைத் தாங்கள் இன்னும் சோதித்து முடிக்கவில்லை, முடிந்தவர்கள் பொறுத்திருக்கவும் என்று. எனக்கு எவ்வளவு நிம்மதி! என்னைப் போலப் பயப்படுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

ஜெயஷீலாவுக்குப் பொறுமை இல்லை. "அப்பா, பழசுல செக்யூரிட்டி ஓட்டை இருக்காம். வெளியில உள்ளவன் ஃபோனுக்குள்ள வந்துருவான். போடுங்கப்பா."

வருகிறவன் என் ஃபோனில் எதைத் திருடுவான்? ஜெயபாயின் சர்க்கரையையா? ஆனால் வருகிறவன் எதையாவது தட்டி அலாரத்தை நிறுத்திவிட்டால்? இப்படியும் பயம், அப்படியும் பயம்.

9 நவம்பர், ஞாயிறு

சாயங்கால ஜெபத்தின்போது அலாரம் அடித்தது.

இன்சுலினைப் போட்டுக்கொண்டு ஜெபத்துக்கு உட்காருவதும், ஜெபம் முடிந்து சாப்பிடுவதும் எங்கள் வழக்கம். ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்துவிடுவேன். அதன் முகப்பில் பேத்தியின் படம். திரை ஒளிர்ந்தால் ஜெயபாய் கண்ணைத் திறந்து பார்த்துவிடுவாள், அப்புறம் ஜெபம் போயிற்று. இன்று என் பக்கத்துச் சொந்தக்காரர்களின் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் கவிழ்ந்து கிடந்த ஃபோன் மேசை அதிர அலறியது. கருப்பட்டித் துண்டை அவள் வாயில் போட்டேன்.

"ஆண்டவருக்குக் கேக்குதோ இல்லியோ, ஒங்க ஃபோனுக்குக் கேக்கு" என்றாள், கருப்பட்டியை மென்றுகொண்டே.

அப்படிப் பேசக் கூடாது என்றேன்.

"நீங்க ஜெபத்தச் சுருக்குங்க, நான் பேச்சச் சுருக்குதேன்."

11 நவம்பர், செவ்வாய்

முடிவு என் கையை விட்டுப் போனது. சென்சார் கம்பெனி மறுபடி எழுதியிருக்கிறது: சோதனை முடிந்தது, புதியது சரியாக இருக்கிறது, சனிக்கிழமைக்குப் பிறகு பழையதில் சென்சார் வேலை செய்யாது.

அப்டேட்டில் என்னென்ன மாற்றம் என்பதை இரண்டு முறை வாசித்தேன். எழுத்தின் அளவு, கேமரா, பேட்டரி. ஃபோனைக் கவிழ்த்து வைத்தால் தொந்தரவு இல்லாமல் அமைதியாக இருக்குமாம். அதை ஜெயபாய்க்கும் வாசித்துக் காட்டினேன். ஜெபத்துக்கு நல்லதுதான். சபை வாட்ஸாப் குழுவின் டிங் டிங் இருக்காது.

நாளைக் காலையில் போட்டுவிடுவது. பகல் வெளிச்சத்தில்.

12 நவம்பர், புதன்

போட்டாயிற்று.

அப்டேட் ஏறுகிற அரை மணி நேரம் ஃபோன் செத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் சென்சார் சொல்வதைக் கேட்க ஆள் இல்லை. அதனால் என் நாற்காலியைத் தூக்கி அவள் நாற்காலிக்கு எதிரே போட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடுவில் அவள் விரலில் குத்திச் சர்க்கரையையும் பார்த்தேன்.

"என்ன காவலா?"

"ஆமா."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இம்புட்டு நேரம் என் மூஞ்சியப் பாத்ததில்லியே நீங்க. வருசத்துக்கு ஒரு அப்டேட் வரட்டும்."

திரை வெளிச்சம் வந்ததும் சோதித்தேன். அலாரத்தின் எல்லையை அவளுடைய இப்போதைய அளவுக்கு மேலே ஏற்றி வைத்தால் உடனே அடிக்க வேண்டும். அடித்தது. ஓசையை நிறுத்தி வைத்தேன், அடித்தது. சட்டைப் பையில், தலையணைக்கு அடியில், மாடியில் வைத்து — எங்கே வைத்தாலும் அடித்தது. பக்கத்து வீட்டு பிலோமினா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "மாதாவே, ஜெயபாய் டீச்சருக்கு என்ன அண்ணாச்சி?" என்று பதறினாள். ஒன்றும் இல்லை, சோதனை என்றேன்.

உப்புக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் இருந்த நாளெல்லாம் ஒரே உப்பை இரண்டு தடவை சோதிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. கடைசியில் எல்லையைப் பழைய இடத்திலேயே இறக்கி வைத்துவிட்டேன். சரிபார்த்தேன். இன்று நன்றாகத் தூங்கலாம்.

14 நவம்பர், வெள்ளி

ஒரு குறையும் இல்லை. மழை.

17 நவம்பர், திங்கள்

ஆஸ்பத்திரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். கண் திறக்கவில்லை.

அலாரம் அடிக்கவே இல்லையே. ஏன் அடிக்கல? எல்லாம் பாத்தேனே — எல்லாத்தையும் பாத்தேனே!

19 நவம்பர், புதன்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம். இன்சுலின் போட்டுக்கொண்டாள். மத்தியானம் சரியாகச் சாப்பிடாதவள், அதை நான் யோசிக்கவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். வழக்கத்தைவிட நீளமாக ஜெபித்தேன். அப்டேட் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி சொன்னேன். ஆமாம், அதையும் சொன்னேன்.

நடுவில் கண்ணைத் திறந்தேன். மேசையில் கைகளை மடக்கி அவற்றின் மேல் தலையைக் கவிழ்த்திருந்தாள். மனம் உருகி ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன். என் குரலைத் தாழ்த்திக்கொண்டேன், அவளுக்குத் தொந்தரவு வேண்டாமென்று.

நான் ஆமென் சொன்னபோது அவள் சொல்லவில்லை. தூங்கிவிட்டாள், குழம்பைச் சுட வைத்துவிட்டு எழுப்பலாம் என்று உள்ளே போனேன். திரும்பி வந்து தோளைத் தொட்டபோது சேலை நனைந்திருந்தது. அவ்வளவு வியர்வை.

ஃபோனை நிமிர்த்தினேன். திரை முழுக்க எச்சரிக்கைகள். ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

பிலோமினாதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். தெருவில் தண்ணீர் நின்றதால் அது முனையிலேயே நின்றுவிட்டது. அவளும் அவள் வீட்டு ஆண்களுமாக ஜெயபாயை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார்கள். நான் பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

21 நவம்பர், வெள்ளி

ஆஸ்பத்திரி பெஞ்சில் ஃபோனைக் கவிழ்த்து வைத்திருந்தேன். பிலோமினா ஓடி வந்தாள். "ஜெயஷீலா ஒங்களுக்கு ஃபோன் போட்டுக்கிட்டே இருக்காளாம். ஏன் அண்ணாச்சி எடுக்கல?"

மணி அடிக்கவில்லையே என்றேன். சொல்லி முடிக்கும்போதே விளங்கிவிட்டது.

அவளை என் நம்பருக்குக் கூப்பிடச் சொன்னேன். நிமிர்த்தி வைத்தேன், அடித்தது. கவிழ்த்தேன், நின்றது. பிறகு எல்லையை ஏற்றி சென்சார் அலாரத்தையும் அப்படியே சோதித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையில் அது இன்னும் ஒட்டியிருக்கிறது. நிமிர்ந்தால் அலறுகிறது. கவிழ்ந்தால் செத்துவிடுகிறது. எல்லாவற்றையும் இரண்டாம் முறையும் செய்து பார்த்தேன். "போதும் அண்ணாச்சி" என்று பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பையில் வைத்துப் பார்த்தேன், மாடியில் வைத்துப் பார்த்தேன். ஜெபத்தில் வைக்கிற மாதிரி வைத்துப் பார்க்கவில்லை. அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு வாசித்துக் காட்டியவனே நான்தான்.

23 நவம்பர், ஞாயிறு

ஜெயஷீலா வந்துவிட்டாள். கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுகிறாள். "நாந்தானப்பா போடுங்க போடுங்கன்னு நச்சரிச்சேன். நீங்க வேண்டாம் வேண்டாம்னுதான இருந்தீங்க."

நான் ஃபோனைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

26 நவம்பர், புதன்

ஜெயபாய் விடியுமுன் போய்விட்டாள்.

29 நவம்பர், சனி

வருகிறவர்களிடமெல்லாம் ஜெயஷீலா அதையே சொல்கிறாள்: நான்தான் போடச் சொன்னேன். அவர்கள், மிஷினை நம்பக் கூடாதும்மா என்கிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன். கவிழ்த்து வைத்த கதை எனக்கும் பிலோமினாவுக்கும் மட்டும் தெரியும். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

மகள் சுமக்கட்டும் என்று விட்டுவிடுவேனா? அவள் போன பிறகு ஃபோனில் சொல்லலாமா? முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது.

சீ.

3 டிசம்பர், புதன்

சொல்லிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. அவளை மேசைக்கு அழைத்து அம்மாவின் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஃபோனைக் கவிழ்த்து, "இப்ப எனக்கு ஃபோன் போடு" என்றேன். போட்டாள். மேசை சும்மா இருந்தது. நிமிர்த்தினேன், அடித்தது.

"ஜெபத்துல இப்படித்தாம்மா வச்சிருந்தேன். நீ போடச் சொன்னதுல ஒண்ணும் இல்ல. எப்படியும் போட்டிருக்கணும்."

"கம்பெனிக்காரன் சொல்லிருக்கணும்லப்பா..."

"சொல்லியிருந்தான். வாசிச்சேன். நல்லதுன்னு நெனச்சேன்."

என்னைப் பார்க்காமல் விரலால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் அம்மாவும் அப்படித்தான் செய்வாள். பிறகு எழுந்து, "சாப்பிட வாங்க" என்றாள்.

மன்னித்தாளா? கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

13 டிசம்பர், சனி

ஜெயஷீலா கிளம்பினாள். வண்டியில் ஏறும்போது, "இனி எதையும் போடாதீங்கப்பா" என்றாள். பிறகு, "ராத்திரிக்குத் தனியா அடுப்புப் பத்த வைக்காதீங்க, பிலோமினா அக்கா குடுத்து விடுவாங்க" என்றாள்.

20 டிசம்பர், சனி

காலையில் ஃபோன் கேட்டது. புதிய அப்டேட் தயாராம். அதே இரண்டு பொத்தான்கள்.

'இப்போதே நிறுவு' என்பதை அழுத்தினேன். என்ன மாற்றம் என்று வாசிக்கவில்லை.

திரை கறுத்தது. தலையை நிமிர்த்தியபோது என் நாற்காலி அவள் நாற்காலிக்கு எதிரே கிடந்தது. எப்போது தூக்கிப் போட்டேன் என்று தெரியவில்லை. முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.