அக்கா எடுத்த சீட்டு

என் பிரியப்பட்ட அத்தானுக்கு,

சுகமா என்று கேட்க வழியில்லை. அதனால் இங்குள்ள விசேஷத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ஜினிக்கு நிச்சயம் முடிந்தது. பையன் பெயர் பிபின், நெய்யாற்றின்கரைப் பக்கம், வேலை திருவனந்தபுரத்தில். உங்களைவிட உயரம். உங்களைவிடக் குள்ளமாக நம் குடும்பத்தில் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

உதியன்குளங்கரையில் உங்கள் பட்டறையை ஒரு மொபைல் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். மோட்டார் ரீவைண்டிங் போர்டை அவன் இன்னும் கழற்றவில்லை. இப்போதும் யாராவது கிணற்று மோட்டாரை ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்து, அவன் கையில் சார்ஜரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம். நான் பாறசாலையில் அதே ஃபிளெக்ஸ் கடையில்தான் இருக்கிறேன். நிச்சயத்துக்கான ஃபிளெக்ஸை நானே அடித்தேன். மேல் மூலையில் உங்கள் படம் வைத்தேன். மீசையைக் கொஞ்சம் கறுப்பாக்கியிருக்கிறேன், கோபப்பட வேண்டாம்.

இனி அக்காவைப் பற்றி. நீங்கள் போன பிறகு அக்கா எந்த விசேஷத்திலும் முன்னால் உட்காருவதில்லை. சபையில் உங்கள் இரண்டு பேருடைய பெஞ்சை விட்டுவிட்டு, வாசல் பக்கம் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக அடுக்களைக்குள் நுழைவாள். புருஷன் இல்லாதவள் நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று நம் சபையில் எந்தச் சட்டமும் கிடையாது. கேட்டால் போதகர் சண்டைக்கு வருவார். ஆனால் வேதத்தில் இல்லாத எத்தனையோ சட்டம் நம் பெண்களுடைய மனதில் இருக்கிறதே. யாரும் அக்காவிடம் ஒதுங்கிக்கொள் என்று சொல்லவில்லை. முன்னால் வா என்றும் சொல்லவில்லை, அது போதும்.

மற்ற வீட்டு விசேஷம் என்றால் போகட்டும் என்று விடலாம். இது ஜினியின் நிச்சயம். அன்று காலையில் பந்தல் நிறைந்துவிட்டது. பையன் வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். அக்கா அடுக்களையில் பப்படம் பொரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எலே, மோதிரம் மாத்துத நேரத்துல நான் முன்னால நிக்கப்பிடாது. பிள்ளைக்கு நல்லதில்ல. இந்தச் சன்னல்வழி பாத்துக்கிடுதேன், நீ போ" என்றாள்.

நான் போய் ஜினியிடம் சொன்னேன். அவள் உங்கள் மகள் அல்லவா? கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா முன்னால வந்து இருந்தாத்தான் நான் வெளிய வருவேன். இல்லேன்னா மோதிரத்தையும் சன்னல்வழி நீட்டச் சொல்லுங்க மாமா."

இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. நான் அடுக்களைக்கும் அறைக்கும் நடந்து நடந்து, புதுச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நல்ல காலம், போதகர் அம்பூரியில் இன்னொரு நிச்சயத்தை முடித்துவிட்டு வர வேண்டியிருந்ததால் தாமதமானது. அந்த இடைவெளி எனக்குப் போதும். அக்கா இப்படித்தான் செய்வாள் என்று தெரிந்து, ஒரு வழியை நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன். உங்கள் சீட்டு வித்தையைத்தான்.

நீங்கள் எனக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை. எத்தனை கெஞ்சினாலும் "மனசு படிக்குத வித்தையாக்கும், உனக்கு வராது" என்று சொல்லிவிடுவீர்கள். பின்னால் நின்று பார்த்தே பிடித்துவிட்டேன். சரியா என்று பாருங்கள். கட்டின் அடியில் இருக்கும் சீட்டை முன்னாடியே ஒளிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எடுத்தவர் தன் சீட்டைப் பார்த்துவிட்டு மேலே வைப்பார். கட்டை ஒரு தடவை வெட்டி வைத்தால், அடிச்சீட்டு போய் அவர் சீட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒவ்வொன்றாக மலர்த்திப் போட வேண்டும். நாம் பார்த்து வைத்த சீட்டுக்கு அடுத்து வருவது அவருடையது. இவ்வளவுதானே? கட்டஞ்சாயா ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

ஆனால் அதை வைத்து நீங்கள் ஊரையே உட்கார வைத்தது கதையால்தான். "உலகத்துல ஒரே ஒருத்திக்க மனசுதான் எனக்குப் படிக்கத் தெரியும்" என்று தொடங்குவீர்கள். பிறகு உங்கள் நிச்சயத்தன்று அக்கா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த கதை வரும். காப்பி தந்தபோதும் நிமிரவில்லை. போட்டோக்காரன் கத்தியும் நிமிரவில்லை. கடைசியில் நீங்கள் மடியிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தீர்கள். இரண்டு குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்க, "இதுல ஒண்ணு எடு. நான் சரியாச் சொன்னா நீ நிமிந்து என்னப் பாக்கணும். தப்பாச் சொன்னா நான் இப்பவே பஸ் ஏறி ஊருக்குப் போறேன்" என்றீர்கள். சொன்னீர்கள். அக்கா நிமிர்ந்தாள். இந்த இடத்தில் கூட்டம் முழுவதும் அக்காவின் முகத்தைத்தான் பார்க்கும், உங்கள் கையை யார் பார்த்தார்கள்?

அதனால் சீட்டு எடுப்பதற்கு அக்காவைத் தவிர வேறு யாரையும் நீங்கள் கூப்பிட்டதில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் அது. எனக்கு அதுதான் தேவையாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வேறொரு கதை தயாரித்து வைத்திருந்தேன். அத்தான் இப்போது என் காதில் வந்து சொல்லுகிறார் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். கூட்டம் அழும், கைதட்டும். ஆனால் அக்கா பாதி நம்பிவிடுவாள். அன்று முழுவதும் உங்களை மூலை மூலையாகத் தேடுவாள். அது வித்தை இல்லை அத்தான், ஏமாற்று வேலை. அதனால் விட்டுவிட்டேன். உங்கள் பழைய கதையே போதும் என்று முடிவு செய்தேன்.

புதிதாக ஒரு கட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கிளம்பும் நேரத்தில் ஜினி எல்லா மாமாக்களுக்கும் ஒரே நிறத்தில் சட்டை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். இப்போது எல்லா நிச்சயத்திலும் இது ஒரு கூத்து. நான் மாற்றினேன், கட்டு பழைய சட்டையோடு என் வீட்டில் இருந்துவிட்டது. மைக்கைக் கையில் வாங்கிய பிறகுதான் பையைத் தடவிப் பார்க்கிறேன்.

நம் பக்கத்தில் நாலு ஆண்கள் காத்திருக்கும் இடத்தில் சீட்டுக்கா பஞ்சம்? ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில் அம்பத்தாறு சீட்டாட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்தவர் பையனுடைய அப்பா. சர்க்கார் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், ரொம்பக் கண்டிப்பானவர் என்று தரகர் நம்மைப் பயமுறுத்தி வைத்திருந்தார். கையில் நல்ல சீட்டு வந்திருந்தது போல, முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கட்டைத் தந்தார்.

மைக்கில் உங்கள் கதையைச் சொன்னேன். உங்கள் அளவுக்கு வராது. ஆனாலும் "சீட்டு எடுக்க ஒரே ஒரு ஆளு வந்தாத்தான் இது நடக்கும்" என்று நான் சொன்னதும் பந்தலே அடுக்களையைப் பார்த்துத் திரும்பியது. பின்னாலிருந்து பெண்கள் கூப்பிட்டார்கள். ஜினி அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, முன்வரிசையின் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அக்கா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். "உனக்கு வேற வேல இல்லியா மக்கா" என்று என்னைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். ஒரு சீட்டை எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள். நான் வெட்டினேன். அடியில் நான் பார்த்து வைத்திருந்தது கிளாவர் ஒன்பது.

மலர்த்திக்கொண்டே வந்தேன். கிளாவர் ஒன்பது வந்தது, அடுத்தது ஆட்டின் ராணி. சரி, பிடித்துவிட்டோம் என்று, அழகுக்காக இன்னும் கொஞ்சம் போட்டேன். மறுபடியும் ஒரு கிளாவர் ஒன்பது வந்தது! அடுத்தது டைமன் பத்து.

அம்பத்தாறு ஆடுவது இரண்டு கட்டைச் சேர்த்துத்தானே அத்தான். எல்லாச் சீட்டும் இரட்டை. சின்ன வயதிலிருந்து ஆடுகிற எனக்கு அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை பாருங்கள். ராணியா, பத்தா? தப்பாகச் சொன்னால் கூட்டம் சிரிக்கும், அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள், பிறகு அவளை யார் அழைத்து வருவது? பையனுடைய அப்பா தன் கட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கதைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று "ஆட்டின் ராணி" என்றேன்.

அக்கா தலையை நிமிர்த்தி, பந்தல் முழுவதும் கேட்கும்படி, "அதுதான்" என்றாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் போதகரின் கார் வந்துவிட்டது. அக்கா எழும்பப் போனாள். ஜினி ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பையனுடைய அப்பா எழுந்து வந்து, "சம்பந்தி அவிடத்தன்னே இரிக்கட்டு" என்று சொல்லி அக்காவை எழும்ப விடாமல், பக்கத்தில் தன் மனைவியையும் உட்கார வைத்தார். ஜெபம் முடிந்தது, மோதிரம் மாற்றினார்கள். அக்கா முன்னால்தான் இருந்தாள். அழுதாள், ஆனால் முன்னால் இருந்து அழுதாள். எனக்கு அதைப் பார்க்க ரொம்ப சந்தோஷமாக இருந்தது. நீங்கள் பார்க்கவில்லையே என்று ஏங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் போன பிறகு சாயங்காலம் நானும் அக்காவும் பந்தலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தோம். மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, ராணிதானா?"

"டைமன் பத்தாக்கும்."

"பின்னே ஏன் அதுதான்னு சொன்னே?"

"நீ முழிச்ச முழி அப்பிடி. உங்க அத்தானும் அன்னைக்கு இதே முழியாக்கும் முழிச்சாரு."

எனக்குப் புரியவில்லை. என்றைக்கு என்று கேட்டேன்.

"எங்க நிச்சயத்தன்னைக்குத்தான். நான் எடுத்தது இஸ்பேட் பத்து. அவரு ஆட்டின் ராஜான்னாரு. இல்லேன்னு சொன்னா பஸ் ஏறிப் போயிருவாருல்லியா? அப்பதான் ஆளு யாருன்னு ஓரக்கண்ணால பாத்து, எனக்குப் பிடிச்சும் போச்சு. ஆமான்னு சொல்லி நிமிந்துட்டேன்."

நான் கையிலிருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யார் சீட்டைக் கலைத்துவிட்டார்களோ, நீங்கள் தப்பாக வெட்டினீர்களோ, யாருக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு தடவையாவது சந்தேகம் வந்ததா அத்தான்?

"பிறகு காட்டினப்போ எல்லாம்?"

"சரியாவும் சொல்லுவாரு, தப்பாவும் சொல்லுவாரு. நான் எல்லாத்துக்கும் ஆமான்னேன்."

"ஒரு தடவ அவரிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருந்தா சரியாப் பண்ணப் படிச்சிருப்பாரு. பிறகு சீட்டு எடுக்க நான் என்னத்துக்கு? யாரு வந்து எடுத்தா என்ன?"

இதை உங்களுக்கு எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. போனவரு இனி எங்க போவாரு" என்றாள். சொல்லிவிட்டு நாற்காலியை அடுக்கப் போய்விட்டாள்.

கல்யாணம் தை மாதம். சபையில் அக்காவை முன்பெஞ்சில் உட்கார வைப்பது என் பொறுப்பு. விருந்தில் வித்தையைக் காட்டுவேன், சீட்டு எடுக்க அவளைத்தான் கூப்பிடுவேன். நான் அதைச் சரியாகச் செய்யப் படிக்க மாட்டேன் அத்தான். இது சத்தியம்.

உங்களைப் போலவே தப்பாகச் சொல்லப் போகிற,
உங்கள் மச்சினன்
ஜஸ்டின்