வெள்ளிக்கிழமை எழுந்து நின்றவள்

ஜனவரி 11

அன்புத் தங்கச்சிக்கு,

கர்த்தர் கிருபையில் மூட்டுவலி தவிர மற்றபடி சுகம். உன் இருமல் விட்டதா? வெந்நீர் குடி என்றால் கேட்கவே மாட்டாய்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை ஜெபத்தில், தப்புச் செய்த பிள்ளைகள் தாங்களாக எழுந்து நின்று சொல்வார்கள். தலைமையாசிரியை ஆனதும் நான் கொண்டுவந்த வழக்கம், உனக்கே தெரியும். நேற்று உன் மகள் எழுந்தாள். கணக்குப் பரீட்சையில் பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்த்து ஒரு விடை எழுதினாளாம். யாரும் பார்க்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஆனால் காப்பியடித்தால் நீக்குவது விதி. என் தங்கை மகள் என்று விட்டுவிட்டால் நாலு பேர் வாய் சும்மா இருக்குமா? கிறிஸ்தவக் கல்வியின் நோக்கம் மதிப்பெண் இல்லை, ஒழுக்கம். திங்கட்கிழமை வந்து விடுதியிலிருந்து கூட்டிப்போ. பெட்டி கட்டச் சொல்லிவிட்டேன்.

பாசத்துடன்,
அக்கா

ஜனவரி 14

அக்கா,

"உண்மையைச் சொன்னா தண்டனை கிடையாதுன்னு பெரியம்மாதானே சொன்னாங்க?" பஸ் முழுக்க இதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

இன்னும் எட்டு வாரத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு. அவள் அப்பா போன பிறகு உன்னை நம்பித்தானே அங்கே விட்டேன். முட்டி போட வை, எல்லார் முன்னாலும் திட்டு. தேர்வை மட்டும் எழுத விடு. உன் காலில் விழுகிறேன்.

தங்கை

ஜனவரி 18

அன்புத் தங்கச்சிக்கு,

என் காலில் எதற்கு விழுகிறாய்? கர்த்தரின் பாதத்தில் விழு. தண்டனை கிடையாது என்று நான் சொன்னது பரலோகத்தைப் பற்றி. பள்ளிக்கூடத்துக்குப் பதிவேடு இருக்கிறதே.

ஒரு நல்ல செய்தி. நேற்று ஜெபத்தில் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. ஒரே வாரத்தில் பாவம் எவ்வளவு குறைந்துவிட்டது பார்!

உன் அக்கா

ஜனவரி 27

அக்காவுக்கு,

வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சபைப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். மாற்றுச் சான்றிதழில் காரணம் எழுதாமல் விட்டாயே, அந்த மட்டுக்கும் நன்றி.

"ஏம்மா, வருஷக் கடைசியில வந்திருக்கே?" என்று அங்கே தலைமையாசிரியை கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல மிஸ், தனியா விட முடியல" என்றாள் உன் மகள். ஆமாம், உன் மகள். நீ வளர்த்ததுதானே? முகத்தில் ஒரு சலனம் இல்லை. வெளியே வந்து அழுதது நான்தான்.

பொய்யே தெரியாத பிள்ளைக்கு ஒரே வாரத்தில் பொய் பழக்கிக் கொடுத்துவிட்டாய். இதுதான் உன் கிறிஸ்தவக் கல்வியா? இனி எனக்கு எழுதாதே.

பிப்ரவரி 1

என் அருமைத் தங்கச்சிக்கு,

எழுதாதே என்றாய், மனசு கேட்கவில்லை. பெற்றவள் கோபப்படத்தான் செய்வாய்.

பிள்ளை பொய் சொன்னதைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்தும் மறைத்தால் அந்தப் பொய்யில் எனக்கும் பங்குண்டு. அந்தத் தலைமையாசிரியை என்னோடு ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தவள்தான். நடந்ததை எல்லாம் எழுதி, உன் கடிதத்தையும் உடன் வைத்து அனுப்பிவிட்டேன். நாளையோ மறுநாளோ உங்களைக் கூப்பிடுவாள்.

பிள்ளையை அடிக்காதே. கேட்டால் உண்மையைச் சொல்லச் சொல்.

உங்கள் இருவருக்காகவும் தினமும் ஜெபிக்கும்,
அக்கா