அமைச்சரிடம் ஒப்படைத்த வார்டு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வீர்கள், அதனால் கேட்கவில்லை. இங்கே நானும் மகளும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். வாலுவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அந்த ஓட்டையில் நாக்கை விட்டுக்கொண்டே வீடெல்லாம் சுற்றுகிறாள். கீழ் வீட்டிலிருந்து உங்கள் அக்கா வந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டு, எனக்கும் இரண்டு புத்திமதி சொல்லிவிட்டுப் போகிறார்.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் சரி சரி என்பீர்கள், அதோடு முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைச்சிட்டு வந்து சேரேன் என்று நேற்று சொன்னீர்கள். அந்த 'தானே' இன்னும் என் காதை விட்டு இறங்கவில்லை. நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. மாதக் கடைசிக்குள் நர்சிங் கவுன்சிலுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதுச் சட்டம் வந்தபோது நீங்களே வாழ்த்துச் சொன்னீர்கள். நர்ஸுகளுக்கு நல்ல காலம் என்று பத்திரிகைகள் எழுதின. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு உடனடி லைசென்ஸ், ஆள் எடுப்பு துரிதம், இருப்பவர்கள் போகாமல் தக்கவைப்பு. தக்கவைப்பு என்றால் எப்படி என்று எங்களைக் கேளுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவளிடம் ஒவ்வொரு நோயாளியையும் சொல்லி ஒப்படைத்து ஹேண்டோவர் கொடுக்காமல் வார்டை விட்டுப் போனால் லைசென்ஸ் ரத்து. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஹேண்டோவர் கொடுக்காமல் நான் என்றைக்காவது வீட்டுக்கு வந்திருக்கிறேனா? ஆனால் அடுத்த ஷிப்டுக்கு ஆள் அனுப்பியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆள் அனுப்பாவிட்டால் இருக்கிறவள் இருந்தே தீர வேண்டும். காலைக் கட்டிப் போட்டுவிட்டுத் தக்கவைத்துவிட்டோம் என்று கைதட்டிக்கொண்டார்கள்.

புதிதாக எடுத்த இரண்டு பெண்களை என் வார்டில் போட்டிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் தற்காலிக லைசென்ஸ். நான் பக்கத்தில் நிற்காமல் அவர்கள் ஊசியைத் தொடக்கூடாது. ஆக, என் வேலையும் என்னோடு, அவர்கள் வேலையும் என் தலையில்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். முந்தின நாள் மதியம் வார்டுக்குள் போனவள், மறுநாள் மதியமும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு ஷிப்ட் முடியும்போதும் மேட்ரனுக்குப் போன் செய்தேன். ஆள் இல்லம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றார். ஆஸ்பத்திரியில் இந்த அட்ஜஸ்ட் என்ற சொல்லை மட்டும் எல்லோரும் தட்டுப்பாடு இல்லாமல் தருகிறார்கள்.

நான் கோபக்காரி, பிள்ளையைப் பார்க்க வார்டை விட்டு ஓடி வந்துவிட்டேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். அது இல்லை. இதை இதுவரை உங்களிடம் சொல்லவில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் வலிப்பு வந்து சேர்த்த ஒரு பையன். வாலுவின் வயசுதான். அவனுக்கு மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு போய், அவன் கையில் செருகியிருந்த குழாயின் மூடியைத் திறந்துவிட்டேன். அவன் அம்மா மெதுவாக, சிஸ்டர், இப்பதானே ஒண்ணு போட்டீங்க, இன்னொண்ணு எழுதியிருக்காங்களா என்று கேட்டாள். நான் சீட்டைப் பார்த்தேன். போட்டதாக அதில் குறிக்கவில்லை. குப்பைத் தட்டைப் பார்த்தேன். உடைத்த மருந்துக் குப்பி கிடந்தது. போட்டது நான்தான். போட்ட ஞாபகம் துளிகூட இல்லை. இரண்டாவது ஊசியும் உள்ளே போயிருந்தால் அந்தப் பிள்ளையின் மூச்சு நின்றிருக்கும். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவளோ, பாவம், சாப்பிடக்கூட இல்லையே நீங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஊசியை அப்படியே குப்பைத் தட்டில் போட்டேன்.

அதற்கப்புறம் நான் அந்த வார்டில் நிற்பதுதான் ஆபத்து. இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்க வேண்டியதில்லை, எங்கள் தொழிலில் யாருக்கும் தெரியும். மறுபடி மேட்ரனுக்குப் போன் செய்து, என் கையை இனி நான் நம்ப மாட்டேன், யாரையாவது அனுப்புங்கள் என்றேன். அமைச்சர் வர்ற நேரத்துல ஆரம்பிக்காதே என்று வைத்துவிட்டார்.

அமைச்சர் வந்தார். சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்தாராம். கேமரா, பூங்கொத்து, கூடவே தேய்த்த வெள்ளைச் சேலையில் மேட்ரனும் ஐந்து நர்ஸுகளும்! ஆபீசில் பைல் பார்க்கிறவர்கள். ஐந்து பேருக்கும் முழு லைசென்ஸ். ஷிப்டுக்கு ஒருத்தி கிடைக்கவில்லை, போட்டோவுக்கு ஐந்து பேர் கிடைத்தார்கள். என் வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

எப்படிம்மா இருக்கு புதுச் சட்டம் என்று அமைச்சர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஹேண்டோவர் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா என்றேன். அவர் என்னவோ மரியாதை செய்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார். முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், இதற்கு டிரிப்ஸ் முடியப்போகிறது, இந்தப் பையனுக்கு அடுத்த மருந்து ராத்திரிதான், அதற்கு முன் யார் கேட்டாலும் போடக்கூடாது. ஒரு கட்டிலையும் விடவில்லை. அவரும் பின்னாலேயே வந்தார், வேறு வழி? கேமரா ஓடிக்கொண்டிருந்ததே. கடைசியில் மருந்து அலமாரிச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மேட்ரனைப் பார்த்து, ஆறு லைசென்ஸ் நிற்கிறது, யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வந்தேனே தவிர, போய்விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அமைச்சர் சாவியைச் சுடுகிற பாத்திரம் மாதிரி மேட்ரனிடம் தள்ளினார். மேட்ரன் அலமாரியைத் திறந்து, தன் கையாலேயே புது டிரிப்ஸ் பாட்டிலை மாட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் படி இறங்கினேன்.

இப்போது கவுன்சில் என்ன சொல்கிறது? என் லைசென்ஸை நிறுத்தி வைத்திருக்கிறது. நோயாளிகளை யாரிடமும் ஒப்படைக்காமல் வெளியேறினேன், வருந்துகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு திருப்பித் தருவார்களாம். போடாவிட்டால் ரத்து. நான் எந்த ஹேண்டோவரும் வாங்கிக்கலை என்று மேட்ரன் கவுன்சில் முன்னால் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். அவர் ரிடையர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான். கேமராவில் எடுத்தது எங்கே என்றேன். அது அரசாங்கத்தின் சொத்தாம்.

அந்த இரண்டாவது ஊசியைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஆக மருந்துலயும் தப்பு பண்ணியிருக்கீங்க என்றார். அதையும் என் மேல் இரண்டாவது குற்றமாக ஏற்றிவிட்டார்கள். இனி எந்த நர்ஸ் வாய் திறந்து உண்மை சொல்வாள்? எல்லோரும் குப்பித் துண்டுகளைக் குப்பையில் போட்டு மூடிவிட்டு, சிரித்த முகத்தோடு அடுத்த ஷிப்டும் பார்ப்பார்கள். அந்தப் புதுப் பெண்கள் இரண்டு பேரும் இதைத்தான் என்னிடமிருந்து பார்த்துப் பழக வேண்டுமா?

நீங்கள் அங்கே எனக்காக வேலை பேசி வைத்திருக்கிறீர்கள். லைசென்ஸ் இல்லாமல் அந்த ஆஸ்பத்திரியில் என்னை வாசலில்கூட நிற்க விட மாட்டார்கள் என்று தெரியும். வாலுவுக்குப் பள்ளிக்கூடம் பார்த்துவிட்டீர்கள், அவள் அறைக்குப் பச்சைத் திரை வாங்கிவிட்டீர்கள். அவள் தன் பொம்மைகளை ஏற்கெனவே பையில் அடைத்துவிட்டாள். தினமும் ஒன்றை வெளியே எடுத்து விளையாடிவிட்டு மறுபடி உள்ளே வைக்கிறாள். எனக்கு மட்டும் வர ஆசை இல்லையா? தனியாகக் கதவைப் பூட்டி, தனியாகத் திறந்து, அலுத்துப் போய்விட்டது எனக்கு.

எச்சரிக்கை மட்டும் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். கோபப்பட்டேன், அமைச்சரை அவமதித்தேன் என்று எழுதித் தரச் சொன்னால் சிரித்துக்கொண்டே தருவேன். ஆனால் குழந்தைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன் என்று என் கையால் எப்படி எழுதுவேன்? நான் அதைத்தான் செய்யவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியில் வாங்கியே சாப்பிடாதீர்கள். என் மேல் கோபம் இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். கையெழுத்துப் போடு என்று இன்னொரு தடவை சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னால் நான் போட்டுவிடுவேன்.

என்றும் உங்கள் அன்பு மனைவி