வலது கையில் நாடி இல்லை

ஜூன் 9, திங்கள்
காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். நேற்று மாலை சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து காரிமங்கலம் வந்து சேர்ந்தோம். ஆஞ்சியோ முடிந்தது. வலது மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இதயத்தில் அடைப்பு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை! ஒரு மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரிந்ததெல்லாம் வெறும் வாயு. கிராம சுகாதார செவிலியராக இருபத்தாறு வருடம். நல்ல லட்சணம்.

மாம்பழம் இரண்டு. மூன்றாவதை இவர் பிடுங்கிக்கொண்டார்.

மாலை கம்பைநல்லூரிலிருந்து நாத்தனார். எனக்காகத் தீர்த்தமலைக்கு வெறுங்காலோடு ஏறி, மஞ்சள் கயிறு மந்திரித்து வாங்கி வந்திருக்கிறார். குழாய் விட்ட கையில்தான் கட்டுவேன் என்று ஒரே பிடிவாதம்.

"அண்ணி, கொஞ்சம் லூசா கட்டுங்க."

"லூசா கட்டுனா நிக்குமா? நீ சும்மா இரு செல்வி."

மூன்று சுற்று, மூன்று முடிச்சு. அந்தக் கையில் ஒரு வாரம் வளையல், வாட்ச் எதுவும் வேண்டாம் என்று டிஸ்சார்ஜ் பண்ணும்போதே சிஸ்டர் சொன்னார். தலையாட்டினேன். நாத்தனாரின் கொப்புளம் போட்ட காலைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

ஜூன் 11, புதன்
கை கனம். டீ கொதிக்கும்போது பழக்க தோஷம், வலது மணிக்கட்டில் விரல் வைத்தேன். நாடி இல்லை. விரலைத் தள்ளித் தள்ளி வைத்தும் இல்லை. இடது கையில் குதிரை மாதிரி ஓடுகிறது. கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டினேன் (சாமி, மன்னிச்சுக்கோ). கயிறு அழுந்திய தடம். அப்போதும் இல்லை.

எத்தனை பேர் கையைப் பிடித்துப் பார்த்திருப்பேன். என் கையில் காணோம். டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அழுதேன். பிறகு டாக்டருக்கு போன்.

ஜூன் 12, வியாழன்
மறுபடி சேலம். பஸ்ஸில் ஜன்னல் சீட். மணிக்கட்டில் ஸ்கேன். டாக்டர் சின்ன வயசு, பொறுமைசாலி.

"குழாய் உரசிப் போனதுல ரத்தக்குழாயோட உள்சுவர் வீங்கியிருக்குங்கம்மா. கொஞ்சம் வீக்கம் வர்றதுதான், ஆறிடும். அதுமேல இறுக்கிக் கட்டினதுல ஓட்டம் நின்னு ரத்தம் உறைஞ்சிருக்கு. என்ன கட்டுனீங்க?"

"சாமி கயிறுங்க."

"நீங்க நர்ஸ்தானே?"

கயிற்றுத் தடத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

சுண்டுவிரல் பக்கத்துக் குழாயில் ரத்தம் நன்றாகப் போகிறதாம். கைக்கு ஆபத்தில்லை. ஆனால் இது திறக்காவிட்டால் பின்னால் இதயத்துக்கு ஏதாவது என்றால் இந்த வழி கிடையாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. ஒரு மாதம். திறக்குமா என்று கேட்டேன். "நிறைய பேருக்குத் திறக்குது. பாக்கலாம்."

ஜூன் 15, ஞாயிறு
விஷயம் தெரிந்து நாத்தனார் வாசலிலேயே அழுகை. "பாவி, நானே உன் கைய கெடுத்துட்டனே!"

"கை அங்கயேதான் இருக்குது அண்ணி. வூட்டுக்குள்ள வாங்க. இந்த மாங்காய நறுக்குங்க."

உப்பு, மிளகாய்த்தூள். மூன்று பேருமாக நான்கு காய். சிரித்தோம். அவர் போன பிறகு விரல் வைத்துப் பார்த்தேன். இல்லை.

ஜூன் 23, திங்கள்
மாத்திரை காலை, இரவு. ஈறில் ரத்தம் வருகிறதா, பார்க்க. ஜூலை பிரசவ லிஸ்ட் எழுத. தக்காளி. துவரம் பருப்பு.

தூங்கி எழுந்ததும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கத்தல். "ஏ புள்ள! அடிக்குது! டொக்கு டொக்குனு அடிக்குது!"

எனக்கு உயிரே வந்துவிட்டது. பார்த்தால், கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார். கட்டைவிரலுக்கென்று தனித் துடிப்பு உண்டு.

"அது உங்க நாடிங்க."

"போகுது போ, எனக்காச்சும் ஓடுதே."

கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு. இந்த மனுஷனை என்ன செய்வது.

ஜூலை 14, திங்கள்
மழை. சேலம். வரமாட்டேன் என்றவர் பஸ் கிளம்பும்போது ஏறிக்கொண்டார், நாத்தனார்தான். ஸ்கேன் அறைக்குள் என்னை மட்டும் விட்டார்கள். மணிக்கட்டில் ஜெல், ஜில்லென்று. அந்தப் பெண் கருவியை வைத்து நகர்த்தினாள். கரகரப்பு. பிறகு, உஷ், உஷ், உஷ்.

வயிற்றுக்குள் பிள்ளையின் துடிப்பைக் கேட்டதும் கர்ப்பிணிகள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். இன்று என் முகமும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

"திறந்துக்கிச்சுங்கம்மா. சுவர் மட்டும் கொஞ்சம் தடிப்பா இருக்கு, அது பரவால்ல" என்று சத்தத்தைக் குறைக்கப் போனாள்.

"குறைக்காத கண்ணு. கதவத் தொற. வெளியில எங்க அண்ணி உக்காந்திருக்காங்க."