அளவு ஜாக்கெட்டுகள்

செவ்வாய், இரவு.

தேக்காவில் என் மனைவி தையல் கடை நடத்துகிறாள். வாடிக்கையாளர்களின் அளவுகளைக் கடைக் கணினியில் ஒரு மென்பொருள் கன்டெய்னருக்குள் வைத்திருந்தேன். இன்று அப்டேட் செய்வதற்காகப் பழைய கன்டெய்னரை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். அளவுகளை வெளியே தனி ஃபோல்டரில் சேமிக்காமல் விட்டது அப்புறம்தான் உறைத்தது. பழைய கன்டெய்னரோடு உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது. ஆபீஸில் இதே வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

“கஸ்டமருங்க கொடுத்த அளவு ஜாக்கெட்டை வச்சு தீபாவளி ஆர்டரை முடிச்சிடலாம்ல?” என்றேன்.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். “அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே, எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துடுன்னு போன மாசம் நீங்கதானே சொன்னீங்க?”

நாளை ஒவ்வொருவரையும் நானே அழைத்து, ஜாக்கெட்டை மறுபடி கொண்டுவரச் சொல்ல வேண்டுமாம். தலையாட்டிவிட்டு வந்தேன். போன் நம்பர்களும் அந்தக் கன்டெய்னரில்தான் இருந்தன என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.