மூக்கைத் தேய்த்தால் அது என் பேர்

அன்புள்ள மாப்பிள்ளை நாச்சிமுத்துவுக்கு,

நான்தான், உன் அக்காளைக் கட்டிய குப்புசாமி. ஆமாம், நானேதான் எழுதுகிறேன், சிரிக்காதே. எழுபது தாண்டிய பிறகு முதியோர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். நான் ஒரு வரி முடிப்பதற்குள் உன் அக்கா சரசா வைத்த காபி ஆறிப்போகிறது. யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தச் சேதியை என் கையாலேயே உனக்குச் சொல்ல வேண்டும்.

சேதி இதுதான் மாப்பிள்ளை. உன்னிடம் இருந்தது ஒரு மொழியாம்! புத்தகத்தில் போட்டிருக்கிறது. நானே படித்தேன்.

நீ பிறந்ததிலிருந்து காது கேட்காதவன். என் குரல் கரகரப்பா இனிமையா என்று கடைசி வரை உனக்குத் தெரியாது. ஊரில் உன்னை ஊமையன் என்றார்கள். பேச்சில்லாதவன், பாவம் என்றார்கள். ஆனால் வெள்ளகோவில் தறிக்குடோனுக்குள் கால் வைத்தால் கதையே வேறு. எல்லாத் தறியும் ஓடும்போது யார் காதில்தான் என்ன விழும்? அங்கே அத்தனை பேரும் கையால்தான் பேசியாக வேண்டும். எங்கள் கைகள் திக்கும், உன் கை ஓடும்.

நூல் அறுந்துபோச்சு, பாவு தீர்ந்துபோச்சு என்று வேலைக்கு வேண்டிய நாலு சைகைதான் எங்களுக்குத் தெரியும். நீ அதே கையால் ஊர் வம்பு பேசினாய், கண்ட கனவைச் சொன்னாய், ஓனர் வெற்றிலை மெல்லுவதை நடித்துக் காட்டினாய். எல்லாருக்கும் பேரும் வைத்தாய். பஞ்சுத் தூசிக்கு ஓயாமல் தும்மிக்கொண்டிருந்த எனக்கு நீ வைத்த பேர், விரலால் மூக்கு நுனியைத் தேய்ப்பது.

வகுப்பு எடுக்கும் டீச்சரம்மா ஒரு கட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். அட்டையில் ஒரு கை படம் போட்டிருந்த மெலிசான புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். மொழியை ஆராய்ந்தவர்களின் கதை அது. படித்தேன் என்று சொல்ல முடியாது, எழுத்து எழுத்தாக ஊர்ந்தேன்.

சுவிட்சர்லாந்து என்கிற தேசத்தில் ஒரு வாத்தியார் இருந்தாராம். அவருக்கு முன்னால் ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் பழைய ஏடுகளை வைத்துக்கொண்டு, எந்த மொழிக்கு எது தாய், எது சித்தி என்று வம்சம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவரோ, இன்றைக்கு ஜனங்கள் வாயில் இருக்கிற மொழி எப்படிக் கட்டியிருக்கிறது என்று பாருங்கள் என்றார். சொல்லுக்கும் பொருளுக்கும் ரத்த உறவு கிடையாது, ஊர் கூடி ஒப்புக்கொண்ட உறவுதான். பக்கத்துச் சொற்களிலிருந்து விலகி நிற்பதால்தான் ஒரு சொல்லுக்கு மதிப்பு. எனக்கு உடனே தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல்தான் நினைவுக்கு வந்தது. ஒற்றை இழையை உருவிக் காட்டி இதுதான் துணி என்று சொல்ல முடியுமா?

இன்னொரு வேடிக்கையைக் கேள். அந்தப் பாடங்களை அவர் புத்தகமாக எழுதவே இல்லையாம். அவர் செத்த பிறகு, வகுப்பில் கேட்டவர்கள் குறித்து வைத்ததைச் சேர்த்து மற்றவர்கள் புத்தகம் போட்டார்களாம். எழுதாமலே அவ்வளவு பெரிய பேர்! நம்ம கட்சி என்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். டீச்சரம்மா திரும்பிப் பார்த்தார்.

அதற்கு வெகுகாலம் கழித்து, அமெரிக்காவில் காது கேளாதவர்கள் படிக்கிற கல்லூரிக்கு ஓர் ஆங்கில வாத்தியார் வேலைக்குப் போனார். பிள்ளைகளின் கைகளைக் கவனித்துக்கொண்டே இருந்தார். வாய்ப்பேச்சு ஒலிகளாகப் பிரிகிற மாதிரி இதுவும் பிரிகிறதே என்று கண்டுபிடித்தார். விரல் எப்படி மடங்குகிறது, கை எந்த இடத்தில் நிற்கிறது, எப்படி அசைகிறது. இதில் ஒன்று மாறினால் சொல்லே மாறிவிடும். ஆகவே இதுவும் முழு மொழி என்றார். கூட வேலை பார்த்தவர்களே அவரைக் கேலி செய்தார்களாம்.

எனக்கு இதற்கு அத்தாட்சி வேண்டுமா? அந்த டம்ளர் கதை ஞாபகம் இருக்கிறதா உனக்கு? கட்டைவிரலை மீசையோரம் இழுத்தால் ஓனர் வருகிறார், கொஞ்சம் கீழே வாயருகே சாய்த்தால் டீ வருகிறது. ஓனரின் வண்டியைப் பார்த்த அவசரத்தில் நான் கையைக் கீழே இறக்கிவிட்டேன். குடோனே தறியை நிறுத்திவிட்டு டம்ளரோடு வாசலுக்கு வந்துவிட்டது. ஓனர் இறங்கிப் பார்த்து, "ஏனுங்க, எல்லாரும் டம்ளரோட வரவேற்கறீங்க, கல்யாணமுங்களா?" என்றார். நீ தறியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய்.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் கதிர்வேல் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நீ கண்ணை மூடிய பிறகு அவனுக்கு ஒரு பெண் பிறந்தாள், தர்ஷினி. உன் கண், உன் நெற்றி. உன் காதும்தான் மாப்பிள்ளை. காதுக்கு மெஷின் வைத்து, பேச்சுப் பழக்க ஒரு சென்டருக்குக் கூட்டிப்போகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கையால் எதுவும் காட்டக் கூடாது, காட்டினால் வாய் வராது என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். பிள்ளை கையைத் தூக்கினால் கதிர்வேல் பிடித்து மடியில் வைத்துவிடுவான். வாயிலும் வார்த்தை வரவில்லை, கையிலும் விடவில்லை. அவள் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசு வேறு வந்துவிட்டது.

கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் லீவு விட்ட ஒரு நாள் பிள்ளையோடு வந்தான். புத்தகத்தை எடுத்து விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான்.

"நீங்க படிக்கறது சந்தோசமுங்க மாமா. ஆனா சென்டர்ல வேற மாதிரி சொல்றாங்களே."

"கையில ஒரு மொழி புடிபட்டா வாய்ப்பேச்சுக்குத் தொந்தரவு இல்லைன்னு போட்டிருக்குது கண்ணு."

"பள்ளிக்கோடத்துல என்னை ஊமையன் மகன்னுதானுங்க கூப்பிட்டாங்க. எம்புள்ளையையும் அப்படிக் கூப்பிடோணுமா?"

நான் புத்தகத்தை மூடினேன். சரசாதான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ஏன்டா, உங்கொப்பன் பேசாமயா உன்னை வளத்துனான்? கை ஓயாம பேசுவானே எந்தம்பி!"

அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

மத்தியானம் நான் குடோனுக்குக் கிளம்பினேன். இப்போதும் அங்கே நூல் சுற்றிக் கொடுக்கிறேன். கொஞ்ச நேரத்தில் ஊருக்குக் கிளம்புவதாகச் சொல்ல அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். தறிச் சத்தம் தாங்காமல் அவள் முகம் சுளித்தாள். அவள் காது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவளை இறக்கிவிட்டான். வாசலிலிருந்தே "மாமா!" என்று கத்தினான் போல. வாய் அசைந்தது, வேறொன்றும் தெரியவில்லை. காதைக் காட்டிக் கையை விரித்தேன். மறுபடி கத்தினான். மறுபடி விரித்தேன்.

உனக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டு அதே வாசலில் நின்று வளர்ந்தவன் அல்லவா? அவனை அறியாமல் கை மேலே போனது. நாங்கள் கிளம்புகிறோம், மழை வரும் போலிருக்கிறது, நீங்கள் நனையாமல் வீடு சேருங்கள். அத்தனையும் கையால்! உன் மணிக்கட்டுத் திருப்பம், உன் புருவத் தூக்கல், எதுவும் குறையவில்லை. நான் நூலை விட்டுவிட்டு நின்றேன்.

தர்ஷினி அண்ணாந்து பார்த்தாள். அப்பன் கை பேசுவதை அவள் அதுவரை பார்த்ததே இல்லை மாப்பிள்ளை. அவன் சட்டையை இழுத்தாள். என்னைச் சுட்டிக்காட்டி, உள்ளங்கையைத் திருப்பினாள். அது யார்?

கதிர்வேல் அவள் கையைப் பிடித்து மடக்கப் போனான். பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு அதை விட்டான். மெதுவாக விரலைத் தூக்கி, தன் மூக்கு நுனியைத் தேய்த்தான்.

நீ போன பிறகு அந்தப் பேர் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

அவளும் தேய்த்தாள். நான் கையை ஆட்டியதும், கூப்பிட்டால் ஆள் பதில் கொடுக்கிறாரே என்று அவளுக்குப் புரிந்துபோய்விட்டது. விடவே இல்லை, மூக்கு சிவக்கிற வரை கூப்பிட்டாள். உன் மகன் வாசலோரத் தறியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். சிரித்தானா, அழுதானா, அந்தச் சத்தத்தில் எனக்கு எங்கே தெரியும்?

அன்றைக்கு அவர்கள் ஊருக்குப் போகவில்லை. மெஷினும் இருக்கட்டும், கையும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். கையாலும் பாடம் சொல்லித்தரும் பள்ளிக்கூடமாக விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் மாப்பிள்ளை. என் உயிர் இருக்கிற வரை இந்த வீட்டில் அவள் கையை யாரும் மடியில் பிடித்து வைக்க மாட்டார்கள். அடுத்த தடவை வரும்போது டம்ளர் கதையை அவளுக்குச் சொல்லப் போகிறேன். என் கை திக்கும், அதைப் பார்த்தும் அவள் சிரிக்கட்டும்.

குப்புசாமி என்று எழுதக் கற்றுக்கொண்டேன். நீ வைத்த பேருக்கு இந்த எழுத்துகள் போதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மூக்கைத் தேய்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா புருஷன்,
உன் மாமன்